பழைய டீசல் பிக்கப்பில் இன்ஜின் கசிவு: அறிகுறி வாரியாகத் தேடும் வழி

மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை என்று இந்த ராமநாதபுரக் கரை நெடுக, மீன் பெட்டியும் ஐஸ் கட்டியும் சுமந்து ஓய்ந்த பிக்கப்புகள் கொல்லைகளில் நிற்கின்றன. மகிந்திரா ஜீப்பின் வழிவந்த டீசல் பிக்கப், மெட்டாடோர், 1988-இல் வந்த டாடாமொபைல் 206 ஆகியவைதான் பெரும்பாலும். அவற்றை வாங்கி வீட்டிலேயே புதுப்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, “கீழே ஆயில் சொட்டுகிறது, எந்தச் சீலை மாற்ற வேண்டும்?” என்றுதான். சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்.

எதையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மதுரைப் பக்கம் நின்ற வண்டியில் கேஸ்கட் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் வைக்கும் பேக்கிங்) காய்ந்து கசியும். இங்கே நின்ற வண்டியில் கேஸ்கட் உட்காரும் இரும்பே உப்பில் அரித்திருக்கும். அரித்த பரப்பின்மேல் எத்தனை நல்ல கேஸ்கட்டை வைத்தாலும் ஒரு மாதத்தில் மறுபடி சொட்டும். ஆகவே கசிவு பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பாதி நேரத்தையும், அந்த இடத்தின் இரும்பைச் சரிசெய்வதற்கு மீதி நேரத்தையும் ஒதுக்குங்கள். புதிய சீலை அடித்து உட்காரவைப்பது கால் மணி நேர வேலைதான்.

## ஸ்பேனர் எடுக்கும் முன்

நம் முற்றம் மணல். ஜாக்கி மெல்லப் புதையும், சாயும். ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த படகுப் பலகைத் துண்டுகளைப் போடுங்கள். ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கழுவுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏர் கிளீனர் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் பழைய பிசுக்கைத் தேய்த்து, சோப்புத் தண்ணீரால் அலசுங்கள். கிணற்று நீர் உவர்ப்பு என்றால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். டீசல் பம்ப் சூடாக இருக்கும்போது அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளே இறுகிப்போகும் ஆபத்து உண்டு.

காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகப்பவுடர் தூவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் முதலில் கோடு விழும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் காற்றாடியும் எதிர்காற்றும் ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும். நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, எது மிக முன்னால் இருக்கிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

இரவில் அடியில் வெள்ளை அட்டை விரித்து, முன்சக்கரத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு வையுங்கள். காலையில் துளி விழுந்த இடமும் நிறமும் தெரியும். கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். தண்ணீர் போல் மெலிந்து, அட்டையில் அகலமாகப் பரவி, வாடை அடித்தால் டீசல். பச்சையோ சிவப்போ கலந்து வழவழப்பாக இருந்தால் கூலன்ட். விழுந்த இடத்தில் பெயின்டைத் தின்றால் அது பிரேக் அல்லது கிளட்ச் ஆயில். இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

## அறிகுறி: இன்ஜினின் மேல்பக்கம் ஈரம், ஓடும்போது ஆயில் கருகும் வாடை

ஏர் கிளீனரா? பழைய டீசல் பிக்கப்புகள் பலவற்றில் ஆயில் ஊற்றும் ஏர் கிளீனர் இருக்கும். குறியிட்ட மட்டத்துக்கு மேல் ஆயில் இருந்தால் அது வெளியே துப்பும். கிண்ணத்தைக் கழற்றி அளவைச் சரிசெய்தால் போதும், செலவே இல்லை.

டேப்பட் கவரா? இன்ஜினின் உச்சியிலுள்ள தகர மூடி இது. கவரின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கார்க் பேக்கிங் இறுகிப்போயிருக்கும். போல்ட்டை இன்னும் முறுக்கினால் சரியாகும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தகரக் கவர் போல்ட் துளையருகே குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் மேலே எழும்பிக்கொள்ளும், கசிவும் கூடும். கவரைக் கழற்றி, ஸ்கேலை விளிம்பில் வைத்துப் பாருங்கள். குழிந்த இடங்களை மரக்கட்டைமேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிச் சமப்படுத்துங்கள். பேக்கிங்கைக் கவரின் பக்கம் மட்டும் கேஸ்கட் பேஸ்ட் தடவி ஒட்டி, ஹெட் (சிலிண்டர்களை மூடும் மேல்பாகம்) பக்கம் உலர்ந்தபடி விடுங்கள். அடுத்த முறை கிழியாமல் வரும். கையளவு இறுக்கமே போதும்.

வேக்குவம் பம்ப் குழாயா? ஆல்டர்னேட்டரின் முதுகில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் இருந்தால், அதற்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் இரண்டையும் மாற்றுங்கள். இன்ஜினின் ஒரு பக்கம் முழுக்க நனைந்து, காரணம் புரியாமல் ஹெட்டைக் கழற்றப் போகிறவர்களிடம் நான் முதலில் காட்டச் சொல்வது இந்தக் குழாயைத்தான்.

ஆயில் பிரஷர் மீட்டர் குழாய், சுவிட்ச். சில வண்டிகளில் மெல்லிய செம்புக் குழாய் டேஷ்போர்டு வரை போகும். அது சேஸிஸில் உரசித் தேய்ந்திருந்தால் தாமதிக்காமல் மாற்ற வேண்டும். முழு அழுத்தத்தில் ஆயில் ஓடும் குழாய் அது. நடுவழியில் ஒடிந்தால் சேம்பர் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) காலியாகும்.

## அறிகுறி: இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சொட்டுகிறது

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் ஆயில் தெரிந்ததுமே “பின் சீல் போய்விட்டது” என்று, அதாவது இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் பின்முனைச் சீல் போய்விட்டது என்று, கியர்பாக்ஸை இறக்கிவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை முடிக்காமல் கியர்பாக்ஸைத் தொட வேண்டாம்.

1. எந்த ஆயில்? கந்தக வாடை அடித்தால் கியர்பாக்ஸின் முன் சீல்தான் காரணம். இன்ஜினில் குறையில்லை.

2. மேலிருந்து வழிகிறதா? டேப்பட் கவரின் பின்மூலை, ஹெட்டின் பின்பக்கம், ஆயில் ஃபில்டர் அடி, பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றிலிருந்து வழிவது எல்லாம் ஹவுசிங்கின்மேல் ஓடி, அதே துளைக்கு வந்து சேரும். ஹவுசிங்கின் வெளிமுகம் காய்ந்திருந்து, துளையில் மட்டும் ஈரம் என்றால்தான் உள்ளிருந்து வருகிறது என்று சொல்லலாம்.

3. பிரீதர் திறந்திருக்கிறதா? இன்ஜினின் உள்காற்று வெளியேறும் குழாய் இது. நீண்ட நாள் நின்ற வண்டியில் இதற்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். மணலும் பிசுக்கும் சேர்ந்து அடைத்திருப்பதும் உண்டு. குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். அடைப்பு இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல்களின் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். கம்பி விட்டு, மண்ணெண்ணெயில் அலசி மாட்டிவிட்டு, ஒரு வாரம் ஓட்டுங்கள். கசிவு நின்றுவிட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4. பேக் கம்ப்ரஷன் (எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குவது) உண்டா? இன்ஜின் சூடான நிலையில் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வாய்மேல் தளர்வாக வையுங்கள். லேசான புகை வந்தால் பழைய டீசலுக்கு அது இயல்பு. மூடி துள்ளினாலோ தள்ளப்பட்டாலோ பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்திருக்கின்றன. இந்த நிலையில் பின் சீலை மாற்றுவது பணத்தை மணலில் புதைப்பது. கம்ப்ரஷன் அளக்கும் மெக்கானிக்கிடம் போய், முழு இன்ஜின் வேலைக்குத் திட்டமிடுங்கள்.

5. கிராங்க் முன்பின் ஆடுகிறதா? இன்ஜினை நிறுத்தி, ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னால் நகர்ந்தால் கிராங்கின் ஆட்டத்தைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. புதிய சீலும் நிலைக்காது. இதுவும் பட்டறை வேலைதான்.

இவை ஐந்தும் தேறிவிட்டால் மட்டுமே பின் சீல். கியர்பாக்ஸைத் தனியாளாக இறக்க முயலாதீர்கள். குறைந்தது இருவர் வேண்டும், கியர்பாக்ஸ் ஜாக்கி இருந்தால் நல்லது. இறக்கியபின் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பிளாக்கின் பின்பக்க வெல்ஷ் பிளக் (நீர்வழியை மூடும் வட்ட மூடி) மூன்றையும் சேர்த்தே பாருங்கள். இன்னொரு முறை இறக்கும் வேலை மிச்சமாகும்.

கிராங்கில் சீல் உரசிய இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் புதிய சீலைப் பழைய இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைக்கலாம், அல்லது மெல்லிய ஸ்லீவ் (உறை வளையம்) போடலாம். சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவாமல் மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும்.

மெர்சிடிஸ் வடிவமைப்பில் வந்த மெட்டாடோர் இன்ஜின்களில் பின்பக்கம் கயிற்றுச் சீல் இருக்கும். கயிற்றை ஆயிலில் ஊறவைத்து, பள்ளத்தில் உருளை ஒன்றால் அழுத்தி உருட்டிப் படியவைத்து, நுனிகளைச் சுத்தமாக வெட்ட வேண்டும். இது கைப்பழக்கம் கேட்கும் வேலை. முதல்முறை செய்கிறவர்கள் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: முன்பக்கம் புல்லியைச் சுற்றி ஆயில் சிதறியிருக்கிறது

இன்ஜினின் முன்முகத்தை மூடும் டைமிங் கவரின் சீல். இங்கும் முதலில் பிரீதரைப் பாருங்கள். பிறகு புல்லியைக் கழற்றி, அதன் கழுத்தைப் பாருங்கள். உப்புக்காற்றில் நின்ற வண்டியில் சீல் தொடாத பகுதி துருவேறியிருக்கும். அந்தத் துரு புல்லியைத் திரும்ப மாட்டும்போது சீலின் உதட்டைக் கிழித்துவிடும். நுண்ணிய எமரித் தாளை ஆயிலில் நனைத்து, சுற்றுப்போக்கில் மட்டும் தேய்த்து மழமழப்பாக்குங்கள். குறுக்கே தேய்த்தால் கீறலே ஆயிலுக்கு வழியாகும். கழுத்தில் ஆழப் பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போடலாம். சீல் வாங்கப் பழைய சீலையே கையில் கொண்டுபோங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அதில் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும்.

## அறிகுறி: சேம்பரின் அடி முழுக்க ஈரம், துளி பிறக்கும் இடம் தெரியவில்லை

வடிகால் போல்ட். செம்பு வாஷரைப் பழுக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். புதிதாக வாங்கினாலும் விலை சொற்பமே. மரை போயிருந்தால் டெஃப்லான் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் லேத்தில் புது மரை வெட்டுங்கள்.

சுற்று போல்ட்டுகள். தளர்ந்திருந்தால் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். துருப்பிடித்து நகராத போல்ட்டில் பலத்தைக் காட்டினால் தலை ஒடியும். துரு இளக்கும் ஆயிலை முந்தின மாலையே விட்டு, காலையில் சிறிது இறுக்கி, பிறகு தளர்த்துங்கள்.

தகரத்தில் ஊசித்துளை. இந்தக் கரையில் மிக அதிகம் காண்பது இதுதான். மீன் பெட்டியிலிருந்து வழிந்த உப்புநீர், ஈரமணல், பிசுக்கு எல்லாம் அடியில் சேர்ந்து சேம்பர் தகரத்தை வெளியிலிருந்து தின்கின்றன. மேலே பெயின்டும் பிசுக்கும் மூடியிருப்பதால் துளை தெரியாது. பிசுக்கே அடைப்பாக நின்றிருக்கும். நீங்கள் அக்கறையாகக் கழுவிய மறுநாள் கசிவு கூடினால் காரணம் இதுதான்.

சேம்பரைக் கழற்றிப் பழைய பெயின்டைக் கம்பி பிரஷால் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். வெளிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு கட்டைமேல் உயர்த்தி வையுங்கள். காலையில் சுண்ணாம்பில் ஈரப்புள்ளி விழுந்த இடமெல்லாம் துளை. ஓரிரண்டு என்றால் கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து அடைக்கலாம். புள்ளிகள் கூட்டமாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிப் புதுத் தகரம் வைக்க வேண்டும், அல்லது வேறு சேம்பர் தேட வேண்டும். மண்ணெண்ணெய் வாடை முற்றிலும் போகும்படி சோப்புப் போட்டுக் கழுவாமல் வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். வண்டியில் மாட்டியபடியே வெல்டிங் வைக்கவே கூடாது. எபாக்சி பூசுவது வீடு வந்து சேர உதவும், அவ்வளவுதான்.

மாட்டும்போது. பிளாக்கின் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கி இரவு அப்படியே விட்டால், வாடைக்காற்றுக் காலத்தில் விடிவதற்குள் பழுப்பேறியிருக்கும். வேலை அன்றே முடியாது என்றால் மெல்லிய ஆயில் பூச்சு கொடுத்துத் துணியால் மூடுங்கள். மாட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைத்து எடுங்கள். அரிப்புக் குழிகள் இருந்தால் அங்கே மட்டும் பேஸ்ட் கொஞ்சம் அதிகம் நிற்கலாம். மற்ற இடத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் கோடு போதும், போல்ட் துளைக்கு உள்பக்கமாக. தாராளமாகப் பிதுக்கினால் உள்ளே பிதுங்கிய துண்டு உதிர்ந்து ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும். அப்போது போவது பேரிங். கையால் இறுக்கி ஒரு மணி நேரம் விட்டு, பிறகு ஸ்பேனர் இறுக்கம், மறுநாள் ஆயில்.

## அறிகுறி: டீசல் வாடை, அல்லது டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறது

மட்டம் ஏறுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஒட்டிய ஆயிலை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, ஆயில் மெலிந்திருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெலிந்த ஆயில் பேரிங்கைக் காக்காது. மட்டம் மிகவும் ஏறினால் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை விட்டபின்னும் வேகம் குறையாமல் ஓடும். எளிய காரணம், தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்தது. மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாகப் போடலாம். டயஃப்ரம் சரி என்றால் டீசல் பம்பின் உள் சீல். அது டீசல் பம்ப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் பிரிக்கக் கூடிய பொருள் அல்ல.

வெளியே மட்டும் ஈரம் என்றால் வரிசை இது: இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் ரப்பர் குழாய்கள், ஃபில்டர் மூடியின் வளையம், பான்ஜோ போல்ட்டின் (டீசல் உள்ளே ஓடும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர்கள், பிறகு இன்ஜெக்டருக்குப் போகும் பிரஷர் பைப்பின் நட்டுகள். ஓடும் இன்ஜினில் பிரஷர் பைப்பைக் கையால் தடவித் தேடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத டீசல் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள். தோலில் பட்டுச் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மறுநாள் வரை காத்திருந்தால் விரலே போகலாம்.

## அறிகுறி: ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது

கீழே ஈரம் தெரிந்தால்: கிளிப், குழாய், மூடி என்று தொடங்குங்கள். வெள்ளை உப்புத்தடம் படிந்த இடமே கசியும் இடம். நம் ஊர்க் கிணற்று நீர் வற்றி அந்தத் தடத்தை விட்டுப்போகும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் தண்ணீர் சொட்டினால் பம்பின் சீல் போய்விட்டது. துளையை அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பம்பை மாற்றுவதுதான் வழி. பித்தளை ரேடியேட்டர் என்றால் பற்றவைக்கிறவர்கள் ராமநாதபுரத்தில் இருக்கிறார்கள்.

பிளாக்கின் பக்கவாட்டில் தெரியும் வட்ட மூடிகள் வெல்ஷ் பிளக்குகள். ஆண்டுக்கணக்கில் உவர்நீர் ஊற்றிய இன்ஜினில் இவை உள்ளிருந்து அரித்துக் காகிதமாகியிருக்கும். ஒன்று கசிந்தால் கைக்கு எட்டும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஓர் ஓரத்தைத் தட்டித் திருப்பி, இடுக்கியால் வெளியே இழுங்கள். நேராக அடித்தால் உள்ளே விழுந்து நீர்வழியை அடைக்கும். புதிதாகப் போடுவது பித்தளையாக இருக்கட்டும். அதன்பின் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும்தான். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கீழே ஈரம் இல்லையென்றால்: ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்பசை இருந்தால், குறுந்தூர ஓட்டத்தில் படிந்த ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால்காபி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரவு முழுக்க நிற்கவிட்டு, காலையில் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்தால் சந்தேகமே இல்லை. ஹெட் கேஸ்கட், ஹெட்டில் வெடிப்பு, நீர்படும் லைனர் உள்ள இன்ஜின் என்றால் அதன் ரப்பர் வளையம் என்று மூன்றில் ஒன்று. ஹெட்டை நீங்களே கழற்றலாம். ஆனால் சமதளம் பார்ப்பதும் வெடிப்புச் சோதனையும் மெஷின் ஷாப்பின் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்க்க ஏறிவிடும். லேத்துகளில் இடம் கிடைக்காது. அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: எல்லாம் மாற்றியபின்னும் கசிகிறது

மறுபடி கழுவுங்கள். பழைய ஆயில் சேஸிஸ் இடுக்குகளில் தேங்கி நாள்கணக்கில் சொட்டும். பவுடர் தூவி, புதிய இடமா பழைய இடமா என்று பாருங்கள். புதிய இடம் என்றால் அந்த அறிகுறிக்கான பகுதியிலிருந்து தொடங்குங்கள். பழைய இடமே என்றால் பிரீதரை இன்னொரு முறை ஊதிப் பார்த்துவிட்டு, அந்த முகத்தை ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்கக் கழற்றுங்கள். சேம்பர், டைமிங் கவர் போன்றவற்றின் விளிம்பைத் தட்டியோ தேய்த்தோ நேராக்கிவிடலாம். ஹெட்டில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் மூன்றாவது கேஸ்கட் வாங்காமல் மெஷின் ஷாப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.